‘தமிழ் தெரிஞ்ச ஆள் லீவு’

போன செமஸ்டர் முடிகிற நேரம், எங்களில் ஒருத்தியின் லப்டொப் போர்டிங்கில் இருந்து களவு போனது. அசைன்மென்ட், பாதி எழுதின ஆய்வுக்கட்டுரை, நாலு வருசப் படங்கள் எல்லாம் அதற்குள். முறைப்பாடு போட மூன்று பேராகப் போனோம். எந்தப் பொலிஸ் நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. தமிழ்ச் சனம் பெரும்பான்மையாக இருக்கிற ஒரு ஊர், அவ்வளவுதான்.

முன்மேசையில் இருந்த கொன்ஸ்டபிளுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். கெட்ட பிள்ளை இல்லை. கதிரை எடுத்துத் தந்தார். தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு எங்களோடு மல்லுக்கட்டினார். பிறகு களைத்துப்போய்ச் சொன்னார்: “தமிழ் தெரிஞ்ச ஆள் லீவு. நாளைக்கு வாங்க.”

நாளைக்கு எங்களுக்குப் பரீட்சை. “பரவாயில்லை, எழுதுங்கோ” என்று சொன்னோம். எங்களில் ஒருவனுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவன் சொல்ல, அவர் எழுத, ஒன்றரைப் பக்கம் சிங்களத்தில் நிரம்பியது. தோழி கையெழுத்து வைத்தாள். எதற்குக் கீழே வைத்தாள் என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வெளியில் வந்ததும் அவள் கேட்ட ஒரே கேள்வி: “லப்டொப் களவு போனதெண்டு எழுதினவரோ, நான் தொலைச்சிட்டன் எண்டு எழுதினவரோ?”

லப்டொப் போனால் போகட்டும். அதே மேசைக்கு முன்னால் புருசனிடம் அடிவாங்கின ஒரு பெண் நின்றிருந்தால்? பிள்ளையைக் காணவில்லை என்று ஒரு தாய் வந்திருந்தால்? வாக்குமூலம் என்பது பிறகு நீதிமன்றம் வரை போகிற ஒரு காகிதம். அதில் ஒரு வினைச்சொல் மாறினால் வழக்கே மாறும்.

அன்றிரவு நாங்கள் கோபப்பட்டது அந்தக் கொன்ஸ்டபிளோடு இல்லை. “தமிழ் தெரிஞ்ச ஆள்” என்ற ஒருமையோடுதான். ஆட்கள் இல்லை, ஆள். தமிழ் பேசுகிற ஒரு ஊரின் பொலிஸ் நிலையத்தில் தமிழ் ஒரேயொரு மனிதனின் தலைக்குள் இருக்கிறது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் தமிழுக்கும் காய்ச்சல். அவன் வீட்டுக்குப் போனால் அரசியலமைப்பும் அவனோடு பஸ் ஏறிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

சட்டத்தில் குறையில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்று எழுதியது. 1988இன் 16ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்று எழுதியது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் தந்த அறிக்கை இன்னும் தெளிவாகச் சொன்னது: பொலிஸ் நிலையங்களில் இருமொழியும் தெரிந்த உத்தியோகத்தர்கள் 24 மணிநேரமும் இருக்கவேண்டும், முறைப்பாட்டாளர் தான் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை வேண்டும். இதைச் சொன்னது தமிழ்க் கட்சி இல்லை, ஜெனீவா இல்லை. மகிந்த ராஜபக்ச நியமித்த ஆணைக்குழு. அது சொன்னபோது நாங்கள் பள்ளிக்கூடத்தில் அரிவரி எழுதிக்கொண்டிருந்தோம். இப்போது பட்டம் வாங்கப்போகிறோம். அந்த மேசை அப்படியே இருக்கிறது.

24 மணிநேரம் என்றால் என்ன என்று ஒருக்கால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒருவர் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள் வேலை செய்தால் 48. அப்படியென்றால் ஒரேயொரு கதிரையை எப்போதும் நிரப்பி வைக்க மூன்றரை ஆள் வேண்டும். லீவு, நீதிமன்றத் தவணை, பயிற்சி, திருவிழாக் கடமை எல்லாம் சேர்த்தால் ஐந்து பேருக்குக் குறையாது. இனி, அடிவாங்கின பெண் ஒரு பெண்ணிடம்தான் பேசுவாள். அதற்குத் தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் இன்னும் ஐந்து பேர். ஒரு நிலையத்துக்குக் குறைந்தது பத்துப் பேர். இதற்குப் பெரிய நிபுணத்துவம் ஒன்றும் தேவையில்லை, கலைப்பீடத்துக் கணக்கே போதும்.

ஆனால் பொலிஸ் ஆளணி பற்றி வருகிற செய்திகளில் இந்தக் கணக்கை நாங்கள் கண்டதேயில்லை. இத்தனை ஆயிரம் வெற்றிடம், இத்தனை ஆயிரம் பேரைச் சேர்க்கப்போகிறோம் என்று வரும். எந்த நிலையத்தில், எந்த நேரமாற்றில், எந்த மொழியில் என்ன வேலைக்கு ஆள் இல்லை என்று வராது. தலையை எண்ணுகிறார்கள். அந்தத் தலைகள் யாருக்காக, எந்த மேசையில் இருக்கப்போகின்றன என்று எண்ணுவதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்களைச் சேர்த்தால் நாட்டில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர். இவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது தமிழ். ஆகவே இது வடக்கு, கிழக்குப் பிரச்சினை மட்டும் என்று யாரும் சுருக்கவேண்டாம். ஹட்டனில் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கிவருகிற பெண்ணும், புத்தளத்து மீனவனும், கொழும்பு வடக்கில் மாடி வீட்டில் இருக்கிறவர்களும் இதே மேசைக்குத்தான் வருகிறார்கள்.

ஆள் இல்லையென்று சொல்கிறபோது, இருக்கிற ஆள் எங்கே என்றும் கேட்கவேண்டும். 2024 டிசம்பரில் முன்னாள் ஜனாதிபதி ஒருவருக்கான பாதுகாப்பு 60 பொலிஸாராகக் குறைக்கப்பட்டது. கவனியுங்கள், குறைத்த பிறகு 60. அதற்கே நீதிமன்றம் போனார்கள். எங்கள் கணக்கின்படி 60 பேர் என்றால் ஆறு பொலிஸ் நிலையங்களில் இரவு பகலாகத் தமிழில் முறைப்பாடு எடுக்கிற ஆளணி. அந்த 60 பேருக்கும் தமிழ் தெரியும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. இந்த நாட்டில் ஒருவரின் வாசலுக்கும் ஒரு ஊரின் வாசலுக்கும் எப்படி ஆள் பங்கிடப்படுகிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

‘உங்கட பெடியள் வாறேல்லையே’

இதைக் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். “நாங்கள் விண்ணப்பம் கோருறம், தமிழ்ப் பெடியள் வாறேல்லை.” அமைச்சர்கள் சொல்வார்கள், பொலிஸ் அதிகாரிகள் சொல்வார்கள், எங்கள் ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள். ஏதோ நாங்கள் சோம்பேறிகள் என்பதுபோல, அல்லது நாங்கள் எல்லாரும் கனடாவுக்கு மட்டும் பிறந்தவர்கள் என்பதுபோல.

சரி, ஏன் வரவில்லை?

1981 மே மாதக் கடைசியில், யாழ்ப்பாணத்தில் தேர்தல் கூட்டமொன்றில் பொலிஸார் சுடப்பட்ட பிறகு, மாவட்ட சபைத் தேர்தலுக்காகத் தெற்கிலிருந்து கொண்டுவந்து குவிக்கப்பட்ட பொலிஸார் நகருக்குள் இறங்கினார்கள். யாழ் நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்கள். எங்கள் தாத்தாமார் அதை இன அழிப்பின் தொடக்கம் என்று சொல்லித் தந்தார்கள். அது ஓர் ஆளணித் தீர்மானத்தின் விளைவும்கூட. ஊரைத் தெரியாத, மொழி தெரியாத, ஊருக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை இல்லாத ஆட்களை ஓர் ஊருக்குள் இறக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அது பழைய கதை என்பீர்கள். 2016 ஒக்டோபர், குளப்பிட்டி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இரவில் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். முதலில் விபத்து என்றார்கள். பிறகுதான் சூட்டுக்காயம் தெரியவந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள். 2023 நவம்பர், வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த இளைஞர் உயிரிழந்தார். ஒவ்வொரு முறையும் நாங்கள் பதாகை பிடித்தோம், வகுப்புப் பகிஷ்கரித்தோம். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் பத்திரிகையில் ஆட்சேர்ப்பு விளம்பரம் வந்தது.

அதை மறந்துவிட்டு விண்ணப்பித்தாலும் அடுத்து என்ன? பயிற்சி முடிய நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். தமிழ் தெரியும் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவன் தமிழே தேவைப்படாத இடத்தில் வீதிக் கடமையில் நிற்கலாம். தமிழ் ஊருக்கே வந்தாலும் அவனுக்குக் கிடைக்கிற வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. மேலதிகாரி கேட்பதைத் தமிழில் சொல்வதும், சனம் அழுவதைச் சிங்களத்தில் சொல்வதும். விசாரணை அவன் கையில் இல்லை, தீர்மானமும் இல்லை. ஊரின் கோபம் மட்டும் அவனுக்கு. அப்படி ஒரு கதிரையைக் காட்டி “வந்து இருங்கோ” என்றால் யார் வருவான்?

இதைவிட வேடிக்கை, ஆள் பற்றாக்குறைக்கு அரசாங்கத்தின் மனதில் முதலில் வருகிற மருந்து. முப்படைகளிலிருந்து முறைப்படி விலகியவர்களைப் பொலிஸில் சேர்த்து வெற்றிடங்களை நிரப்பும் யோசனையை 2025இல் அரசாங்கமே முன்வைத்தது. ஆமி வேறு, பொலிஸ் வேறு என்று நாங்கள் குடியியல் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்கினோம். பொலிஸை முப்படைகளோடு தொடர்புபட்ட நிறுவனங்களிலிருந்து பிரிக்கவேண்டும் என்று அதே நல்லிணக்க ஆணைக்குழுவும் எழுதியது. ஒரு படைவீரனுக்கு எதிரியை அடையாளம் காணப் பழக்குகிறார்கள். பொலிஸ்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரனை நம்பப் பழக்கவேண்டும். சட்டையை மாற்றிவிட்டால் பழக்கம் மாறாது. ஆள் எண்ணிக்கை மட்டும் கூடும், விளம்பரத்தில் வெற்றிடம் குறையும், எங்கள் மேசை அப்படியே இருக்கும்.

எங்கட பக்கத்துப் பொய்கள்

இவ்வளவும் அரசாங்கத்துக்கு. எங்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது.

“பொலிஸ் அதிகாரம் வேணும்” என்று மேடைக்கு மேடை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 13ஆவது திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் பிரிவும் மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவும் எழுத்தில் இருக்கின்றன, நடைமுறையில் இல்லை. அதைக் கேட்பது நியாயம்தான், நாங்களும் கேட்கிறோம். ஆனால் 2013 முதல் 2018 வரை வடக்கில் ஒரு மாகாண சபை இருந்தது. பொலிஸ் அதிகாரம் நாளைக்கே கிடைத்தால் யாரை, எத்தனை பேரை, எந்தத் தகுதியில் சேர்ப்போம்? பெண்கள் எத்தனை பேர்? சாதி பார்த்து முறைப்பாடு எடுக்காமல் விடுகிறவனை என்ன செய்வோம்? முஸ்லிம் கிராமத்துக்கு யார் போவது? இந்த வரைபைப் பற்றி எந்த மேடையிலும் எங்கள் காதில் விழவில்லை. அதிகாரத்தைக் கேட்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று இரண்டு பக்கம் எழுத ஆளில்லை. எங்கள் அரசியல்வாதிகளிடமும் ‘தெரிஞ்ச ஆள் லீவு’தான்.

இரண்டாவது பொய், தமிழன் வந்தால் எல்லாம் சரிவரும் என்பது. 1978இல் கொல்லப்பட்ட இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளை தமிழர். எங்கள் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சித்திரவதையோடு சேர்த்தே நினைவு வைத்திருக்கிறார்கள். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது நாட்டின் பொலிஸ்மா அதிபர் ருத்ரா ராஜசிங்கம், ஒரு தமிழர். உச்சியில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது, தெருவில் தமிழர் எரிந்தார்கள். அடிக்கிறவன் தமிழில் கேள்வி கேட்டால் வலி குறையாது. கேள்வி கேட்கிற மொழியும் வேண்டும், அடித்தவனைக் கேள்வி கேட்கிற அமைப்பும் வேண்டும். ஒன்றைத் தந்து மற்றதை மறக்கச் சொன்னால் அதற்கு நாங்கள் கைதட்ட முடியாது.

மூன்றாவதுதான் எங்கள் வயதுக்காரரைச் சுடுகிற பொய். எங்கள் பட்ச்சில் ஒருத்தி உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்று வட்ஸ்அப் குழுவில் கேட்டாள். பத்து நிமிடத்தில் வந்த பதில்களை இங்கே எழுத முடியாது. ‘துரோகி’ என்பது அதில் மரியாதையான சொல். அவள் மெசேஜை அழித்துவிட்டாள். அடுத்த கிழமை அதே குழுவில், ‘பொலிஸில தமிழில கதைக்க ஒருத்தரும் இல்லை’ என்று ஒரு பதிவு. நாங்கள் எல்லாரும் லைக் போட்டோம். வெட்கமாக இருக்கிறது.

பெண் என்றால் இரட்டைச் சுவர். 2020இல் பிம்ஷானி ஜசின் ஆராச்சி இந்த நாட்டின் முதல் பெண் பிரதிப் பொலிஸ்மா அதிபரானார். 1866இல் தொடங்கிய ஒரு சேவைக்கு அந்த இடத்துக்கு வர ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அடுத்த வருடமே 32 ஆண் அதிகாரிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்களின் வாதம் என்ன தெரியுமா? அந்தப் பதவிக்கான ஆளணியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பது. அவருக்குத் திறமை இல்லை என்பது வாதம் இல்லை. பட்டியலில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். ஆளணித் திட்டம் என்பது எங்கோ கோப்பில் தூங்குகிற ஒரு அட்டவணை என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அந்த அட்டவணையில் உங்களுக்கு ஒரு கட்டம் இல்லையென்றால் நீங்கள் இல்லை. தமிழில் வாக்குமூலம் எழுதுகிறவருக்கும் அங்கே ஒரு கட்டம் தேவை. இல்லாவிட்டால் அவர் என்றென்றைக்கும் ‘தெரிஞ்ச ஆள்’தான்.

செய்தவர்கள் இருக்கிறார்கள்

முடியாத காரியம் இல்லை. வட அயர்லாந்தில் பொலிஸ் என்றால் புரட்டஸ்தாந்தரின் படை என்று கத்தோலிக்கர் நினைத்தார்கள். நூற்றுக்கு எட்டுப் பேர்தான் கத்தோலிக்கர். அங்கேயும் இதே கதைதான்: விண்ணப்பம் கோருகிறோம், அவர்கள் வருகிறார்களில்லை. 1999இல் பட்டன் ஆணைக்குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. எப்படியான பொலிஸாக இருந்தால் அவர்கள் வருவார்கள்? பெயரை மாற்றினார்கள், சின்னத்தை மாற்றினார்கள். பொலிஸைக் கேள்வி கேட்க அரசியல்வாதிகளும் பொதுமக்களும் இருக்கிற ஒரு சபை வந்தது. பொலிஸை விசாரிக்கப் பொலிஸுக்கு வெளியே ஒரு சுயாதீன அலுவலகம் இயங்கியது. இருந்தவர்கள் கௌரவமாக விலகிப்போக நிதி கொடுத்தார்கள். அதோடு சேர்த்துத்தான் 2001இலிருந்து பத்து வருடம், சேர்க்கிற பேரில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்று சட்டம் போட்டார்கள். 2011இல் கத்தோலிக்கர் நூற்றுக்கு முப்பது அளவுக்கு வந்தார்கள்.

அதுவும் சொர்க்கம் இல்லை. 2011 ஏப்ரலில் ஓமா நகரில் ஓர் இளம் கத்தோலிக்கப் பொலிஸ்காரரை, அவர் பொலிஸில் சேர்ந்த குற்றத்துக்காக, குண்டு வைத்துக் கொன்றார்கள். அவருக்கு எங்கள் வயதுதான். சிறப்பு விதி முடிந்த பிறகு எண்ணிக்கை பெரிதாக ஏறவுமில்லை. ஆனாலும் ஒரு விசயம் தெளிவு. ஆட்சேர்ப்பும் பொறுப்புக்கூறலும் ஒரே பொதியில் வந்தபோதுதான் சனம் உள்ளே வந்தது. எங்களுக்கு இவர்கள் நீட்டுவது பாதிப் பொதி. வா, சேர், சிரித்துக்கொண்டு படத்துக்கு நில். மிச்சம் பிறகு.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு நிலையத்துக்கும் தமிழில் வாக்குமூலம் எடுக்கிற ஆளணியை எண்ணிக்கையில் எழுதி, ஆணும் பெண்ணும் வேறுவேறாக, பகிரங்கமாக வெளியிடுங்கள். அந்தப் பதவிக்குச் சேர்க்கிறவரை அந்த வேலையிலேயே, அந்தப் பிரதேசத்திலேயே வையுங்கள், பதவியுயர்வில் அவரைப் பின்தள்ளாதீர்கள். வடக்கு, கிழக்கு, மலையகத்துக்கு அனுப்புகிற சிங்கள உத்தியோகத்தருக்குப் போகிற முன்னமே உருப்படியாகத் தமிழ் படிப்பியுங்கள். பத்துச் சொல்லோடு மேசையில் இருத்தி அவரையும் எங்களையும் அவமானப்படுத்தாதீர்கள். பொலிஸாரின் குற்றத்தைப் பொலிஸுக்கு வெளியில் உள்ளவர்கள் விசாரிக்கட்டும். இன்றைக்கும் பொலிஸை ஆளுகிற அடிப்படைச் சட்டம் 1865இன் பொலிஸ் கட்டளைச்சட்டம். வெள்ளைக்காரன் அடக்கி ஆள எழுதின காகிதத்தில் இருந்துகொண்டு ‘மக்கள் நேயப் பொலிஸ்’ என்று சுவரொட்டி அடிப்பதை நிறுத்துங்கள்.

இனி எங்கள் வேலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. தமிழில் எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். உங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தைப் பற்றி நாலு கேள்வி கேளுங்கள். தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு நேரமாற்றிலும் எத்தனை பேர் கடமையில் இருக்கிறார்கள்? அவர்கள் லீவில் போனால் பதிலுக்கு யார்? எங்கள் பக்கத்து நிலையத்துக்கான கடிதத்தை நாங்கள் எழுதி முடித்துவிட்டோம், இந்தக் கிழமை தபாலில் சேர்க்கிறோம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே போடுவோம். நீங்களும் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஐம்பது ஊரின் பதில் சேர்ந்தால், அரசாங்கம் போடாத ஆளணிக் கணக்கை நாங்களே போட்டுவிடலாம்.

அந்த வட்ஸ்அப் குழுவில் கேட்ட தோழிக்கும் ஒன்று. நீ விண்ணப்பிக்கச் சொல்லியும் நாங்கள் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. உன் கேள்வி நியாயமானது. அன்றைக்கு லைக் போட்ட கைகள்தான் இன்றைக்கு இதை எழுதுகின்றன. மன்னித்துக்கொள்.

லப்டொப் இன்னும் கிடைக்கவில்லை. முறைப்பாட்டுப் பிரதி பத்திரமாக இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க, சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.